பால்வெட்டு உளியும் விசைப்பலகையும்



தொழில்நுட்பம் மனித வாழ்வுக்கும் படைப்பாற்றலுக்கும் விழுமியங்களுக்கும் என்ன செய்கிறது என்பதே இன்றைய உரைக்குத் தரப்பட்ட பொருள். தொழில்நுட்பம் என்றவுடன் மாணவர்களுக்குக் கைப்பேசியும் செயற்கை நுண்ணறிவும் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றிப் பேசத்தான் போகிறோம். ஆயினும் தாப்பாவில் நின்று பேசும்போது அங்கிருந்து தொடங்குவது பொருந்தாது. இந்த அவையில் இருப்போரில் பெரும்பாலோர் இந்த மண்ணில் பிறந்ததற்கே ஒரு தொழில்நுட்பம்தான் காரணம். ரப்பர் மரத்தைச் சாகவிடாமல் அதன் பாலை நாள்தோறும் எடுக்கும் முறை அது.

மரம் முதலில் வந்தது. முறை பின்னர்தான் வந்தது. 1877-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கை வழியாக 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுட் சிலவற்றைப் பேராவின் ஆங்கிலேய ஆலோசகராக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் தம் இல்லத் தோட்டத்தில் நட்டார். அக்காலத்து மரம் ஒன்று கோலகங்சார் நகரில் இன்றும் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. மாணவர்களை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்கள் அதைக் காட்டலாம். ஆனால் நாற்று வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரை தோட்ட முதலாளிகள் ரப்பரைப் பெரிதாக மதிக்கவில்லை. காப்பி பயிரிட்டார்கள், கரும்பு பயிரிட்டார்கள். ரப்பரில் ஒரு சிக்கல் இருந்தது. அமேசான் காட்டில் பால் எடுப்போர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். கொத்திய இடம் புண்ணாகி முடிச்சு விழும். அந்த இடத்தில் மறுபடியும் வெட்ட இயலாது. காட்டில் மரம் கணக்கின்றி இருந்ததால் அங்கே அது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. வரிசை வரிசையாக நட்டு, களையெடுத்து, ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து பயன்பெற வேண்டிய தோட்டத்துக்கு அந்த முறை ஒத்துவராது.

சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி 1890-களில் இதற்கு விடை கண்டார். மரத்தைக் கொத்தாமல், பட்டையைச் சாய்வாக மெல்லிய சீவலாகச் சீவினால் பால் வரும். அடுத்த முறை அதே கோட்டின் கீழ் விளிம்பில் இன்னொரு மெல்லிய சீவல் எடுத்தால் மீண்டும் வரும். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து, சில ஆண்டுகளில் அங்கேயே மறுபடியும் வெட்டலாம். பார்ப்பவரிடமெல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச்சொன்னதால் அவரைக் கிறுக்கர் என்று தோட்ட முதலாளிகள் கேலி செய்தார்கள். அவர் நூறு வயது வரை வாழ்ந்து 1956-இல் மறைந்தார். அந்தக் கேலி எவ்வளவு தவறு என்பதைக் காண அவருக்கு வேண்டிய காலம் கிடைத்தது.

அந்தச் சீவலை எடுக்க யாராவது வேண்டும். தோட்டத்தில் ஒருவர் ஒரு காலையில் ஏறத்தாழ 400 முதல் 500 மரங்களை வெட்ட வேண்டும். அந்த வேலைக்காகவே கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் சென்று ஆள் சேர்த்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை அந்த ஆள்சேர்ப்பு நடந்தது. ஆக, ஒரு தாவரவியலாளர் கண்ட சாய்வுக்கோடு ஒன்று, நம் முன்னோரைக் கடல் கடந்து ஈப்போவுக்கும் பீடோருக்கும் தாப்பாவுக்கும் கொண்டுவந்து சேர்த்தது. யாரும் அவர்களிடம் கருத்துக் கேட்கவில்லை. தொழில்நுட்பத்தின் வரலாற்றில் இது புதிதன்று என்றாலும், நாம் அதை நம் குடும்பக் கதையாக ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த வேலை எத்தகையது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். பால் ஓடும் நுண்குழாய்கள் மரத்தின் உட்பட்டையில், வளர்படலத்தை ஒட்டி நெருக்கமாக இருக்கின்றன. உளி ஆழமாகப் போகாவிட்டால் பால் குறையும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் போனால் வளர்படலம் காயப்படும். புதுப்பட்டை சீராக வராது. அந்த ஒரு மில்லிமீட்டரை விடியலுக்கு முந்திய இருளில், நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில், கையின் உணர்வால் அளந்தார்கள். நுண்குழாய்கள் நேராக ஏறாமல் சற்றுச் சாய்ந்து ஏறுவதால், கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து வரவேண்டும். அப்பொழுதுதான் கூடுதலான குழாய்கள் வெட்டுப்படும். வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளிவிடத் தொடங்கும். மரத்தினுள் அழுத்தம் குறைந்து பாலும் குறையும். எனவேதான் வைகறைப் பெரட்டு. நான்கு மணிக்கு எழுந்து சோறாக்கி, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டில் பெயர் கொடுத்து, நிரைக்குப் போன பெண்களுக்கு இந்தத் தாவரவியல் விளக்கங்களை யாரும் சொல்லித் தரவில்லை. அவர்கள் அறிந்திருந்தது வேறு வகை அறிவு. எந்த மரம் 'குடுக்கும்', எந்த மரம் இரண்டு நாள் விட்டால் தேறும், தூறல் விழும்போது வெட்டத் தொடங்கலாமா கூடாதா என்பன போன்றவை அதில் அடங்கும். வெட்டிய பின் மழை வந்தால் மங்கில் உள்ள பால் மழைநீரோடு வழிந்துவிடும். உழைத்ததும் போகும், கூலியும் போகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. மரத்தைக் காயப்படுத்தாத அந்த நிதானத்தை நம் முன்னோரின் அறம் என்று போற்றிப் பேசுவது எளிது; மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் காயம் பட்ட மரத்தைக் கங்காணி பார்த்தால் ஏச்சு விழுந்தது, கூலியும் பிடிக்கப்பட்டது. நிதானத்தில் ஒரு பகுதி அச்சத்தால் வந்தது. இன்னொரு பகுதி, தான் வெட்டும் மரத்தின் மேல் தானாகவே தோன்றும் உறவால் வந்தது. இரண்டையும் பிரித்தெடுப்பது கடினம். பிரிக்காமல் இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. விழுமியம் என்பது தொழில்நுட்பத்துக்கு வெளியே தனியாக நின்று அதற்கு அறிவுரை சொல்வதில்லை. யார் கையில் உளி இருந்தது, யார் கையில் கணக்குப் புத்தகம் இருந்தது என்பதிலேயே அது கலந்துகிடக்கிறது.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1942-இன் தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் வசமானதும் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் பெரும்பாலும் கிடைக்காமற் போயிற்று. அமெரிக்கா ஒரு சில ஆண்டுகளுக்குள் பெட்ரோலியத்திலிருந்தும் எரிசாராயத்திலிருந்தும் செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை எழுப்பியது. போர் முடிந்த பின்னும் அந்த ஆலைகள் எல்லாம் மூடப்பட்டுவிடவில்லை. நம் தோட்டங்களில் கூலி குறைந்ததற்கும், 1960-களிலிருந்து ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதற்கும் வேறு காரணங்களும் உண்டு. எனினும் எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் நடந்தது இங்குள்ள லயங்களில் அடுப்பெரிவதைத் தீர்மானித்தது என்பதில் ஐயமில்லை. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. அந்த ஒரு மில்லிமீட்டர் அறிவு தேவையே இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் பட்டணத்துப் புறம்போக்குகளுக்கும் ஆலைகளுக்கும் போனார்கள்.

மரத்தைப் பற்றிய அறிவியல் அழியவில்லை. 1925-இல் சட்டத்தின் வழி அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சி நிலையம் அதைப் பதிவு செய்தது. எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது, எந்தச் சாய்வில் வெட்டுவது என்பதெல்லாம் அச்சில் இருக்கின்றன. வெட்டியவரின் அறிவு அப்படிப் பதிவாகவில்லை. அது தமிழில் இருந்தது, பேச்சில் இருந்தது. வெட்டியவரோடு அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. நம்முடைய உரையின் மையம் இதுதான். இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு, இதே மலாயாவில் நடந்த இன்னொரு கதைக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்த ஆர். முத்தையா என்பவர் இளமையில் மலாயாவுக்கு வந்து, ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டச்சுப்பொறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தமிழுக்கு அப்படி ஒன்று இல்லை என்பது அவரை உறுத்தியது. உறுத்தலுக்குப் பின்னால் இருந்த கணக்கைப் பாருங்கள். தட்டச்சுப்பொறியில் விசைகள் ஐம்பதுக்கும் குறைவு. ஒரு விசைக்கு இரண்டு உரு என்றாலும் நூற்றைத் தாண்டாது. தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247. எழுத்துகளை வெட்டிக் குறைத்தால் மொழி சிதையும். விசைகளைக் கூட்டினால் பொறி இயங்காது.

முத்தையா எழுத்துகளைத் தனித்தனி உருக்களாகப் பார்ப்பதை விட்டு, அவை எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்று பார்த்தார். ஒற்றைக்கொம்பு, கால், புள்ளி, இகர விசிறி ஆகியவை பல எழுத்துகளுக்குப் பொது. அவற்றுட் சிலவற்றை நகரா விசைகளாக அமைத்தார். அதாவது, அந்த விசையை அழுத்தினால் குறி தாளில் விழும், ஆனால் உருளை நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். இதனால் தட்டச்சு செய்பவர் புள்ளியை முதலில் அடித்து எழுத்தைப் பின்னர் அடிக்கப் பழக வேண்டியிருந்தது. கையால் எழுதும் வரிசைக்கு இது நேர்மாறு. விரல்கள் அதைக் கற்றுக்கொண்டன. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமான் நிறுவனத்தார் அவருடைய அமைப்பின்படி தமிழ்த் தட்டச்சுப்பொறிகளைச் செய்தார்கள். அதன் விசை வரிசையைக் கற்றுத் தேர்ந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இங்கும் பல்லாயிரவர்; கணினி வந்த பின்னும் பழைய தட்டச்சு முறை என்ற பெயரில் அதன் வழிவந்த விசைப்பலகைகள் நீடித்தன.

முத்தையா மொழியறிஞராகப் பயிற்சி பெற்றவரல்லர், பொறியியலாளரும் அல்லர். அவரிடம் இருந்தது ஒரு தொல்லை. தம் மொழியில் ஒரு கடிதத்தைப் பிறர் மொழியில் போலவே அடிக்க வேண்டும் என்ற தொல்லை. படைப்பாற்றல் பற்றி நாம் வகுப்பில் நிறையப் பேசுகிறோம். கட்டற்ற கற்பனை என்கிறோம். இந்த மனிதரின் படைப்பு முழுவதும் கட்டுக்குள் பிறந்தது. விசைகள் இத்தனைதான் என்ற கட்டு, எழுத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற இன்னொரு கட்டு. இரண்டில் ஒன்றைத் தளர்த்தியிருந்தால் கண்டுபிடிப்பே தேவைப்பட்டிருக்காது.

கணினிக் காலத்தில் இதே நாட்டில் இதே தொல்லை இன்னொருவரைப் பற்றிக்கொண்டது. முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய 'முரசு' மென்பொருளைப் பற்றி ஆசிரியர்கள் பலரும் அறிவீர்கள். அதுவே பின்னர் 'முரசு அஞ்சல்' ஆயிற்று. 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் 'செல்லினம்' வெளியிடப்பட்டு, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் வழி பிறந்தது. உங்களில் ஆப்பிள் கைப்பேசி வைத்திருப்போர் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தமிழுக்கு நேரே 'அஞ்சல்' என்ற பெயரைக் காண்பீர்கள். உலகத்துத் தமிழர் அனைவருக்கும் பொதுவான ஒரு கருவியில் மலேசியாவில் பிறந்த சொல் அமர்ந்திருக்கிறது.

அவருடைய தந்தையார் முரசு நெடுமாறன் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர், தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1887 முதல் 1987 வரை நூறு ஆண்டுகளில் இந்நாட்டில் எழுதப்பட்ட கவிதைகளைத் தேடித் திரட்டி, 1997-இல் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்ற பெருநூலாக வெளியிட்டார். பழைய நாளிதழ்க் கட்டுகளிலும் மறைந்தவர்களின் வீட்டுப் பெட்டிகளிலும் கிடந்தவை அந்நூலால் பிழைத்தன. தந்தை உள்ளடக்கத்தைத் திரட்டினார். மகன் கருவியைச் செய்தார். ஒரே வீட்டில் இவ்விரண்டும் நடந்தது தற்செயல்தான். ஆனால் ஒரு மொழிக்கு இவ்விரண்டும் ஒருசேர வேண்டும். மகனின் கருவியை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். தந்தையின் வேலையைத் தொடர்வோர் குறைவு. இதைக் குறையாகவே சொல்கிறோம்.

எழுத்து கணினியில் ஏறிய காலத்துக் குழப்பங்களை இன்றைய மாணவர்கள் அறிய மாட்டார்கள். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் மற்றவர் திரையில் புரியாத குறிகளாகக் கொட்டிக் கிடக்கும். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் கூடி அறிஞர்கள் வாதிட்டார்கள். 2000-இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. கடைசியில் ஒருங்குறி நிலைபெற்றது. அந்த வாதங்களில் சூடும் தன்முனைப்பும் இருந்தன என்பது உண்மைதான். இருந்தாலும் மரவெட்டுக் காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே முடிவெடுத்த அறையில் நம்மவர் ஒருவரும் இல்லை. இங்கே அறை முழுவதும் நம்மவர். சண்டையும் நம் சண்டை.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிறு செய்தியை இங்கே இடைச்செருகலாகச் சொல்லிவிடுகிறோம். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ரோமன் எழுத்தை அடித்தால் தமிழ் வரும். மிக எளிது, முதியவர்கள் பலர் இதனால்தான் தமிழில் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் எழுத்தறியும் பருவத்துப் பிள்ளைக்கு அது வேறொன்றையும் கற்றுத் தருகிறது. 'த' என்ற ஒரே எழுத்து அதன் மனத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளாகப் பதிகிறது. ளகரமும் ணகரமும் றகரமும் பெரிய எழுத்துகளாகப் பதிகின்றன. தமிழ்99 விசைப்பலகையில் இந்த இடர் இல்லை. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில், 'க' இருமுறை அடித்தால் 'க்க' என்று புள்ளி தானாக விழும். இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு எதைக் கற்பிப்பது என்பது தொழில்நுட்ப முடிவுபோலத் தோன்றும் கல்வி முடிவு. தமிழ்99 என்பதே எங்கள் கருத்து.

இனிச் செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் எந்திரத்திடம் கேட்டு எழுதி வருகிறார்கள் என்பது ஆசிரியர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு. அந்த எந்திரம் எவ்வாறு எழுதுகிறது? மனிதர் எழுதிவைத்த பெருந்தொகையான வாசகங்களைப் படித்து, ஒரு சொல்லை அடுத்து எது வரத் தகும் என்று கணித்துக் கணித்து வாக்கியத்தை நீட்டுகிறது. எனவே எழுதப்பட்டது எதுவோ அது அதற்குத் தெரியும். மிகுதியாக எழுதப்பட்டது மிக நன்றாகத் தெரியும். எழுதப்படாதது அதற்கு இல்லாததே.

தமிழ் அங்கே ஏற்கெனவே சற்றுப் பின்தங்கியே நிற்கிறது. இணையத்தில் வழங்கும் பொதுவான குறியாக்க முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் இடம் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 'மங்கு' என்பதில் ம, ங, புள்ளி, க, உகரக் குறி என ஐந்து குறிகள், பதினைந்து பைட். அச்சொல்லுக்கு மூலமான மலாய்ச் சொல் 'மங்கோக்' ரோமன் எழுத்தில் ஏழே பைட். இந்த இடச்செலவு பெரிய இடர் அன்று. பொறிகள் வளர வளர அது குறையும். பெரிய இடர் வேறு.

'மங்கு' என்றால் என்ன? பால் மரத்தின் அடியில் கட்டிய கிண்ணம் என்று இந்த அவையில் உள்ள முதியவர்கள் உடனே சொல்வார்கள். அகராதி 'ஒளி குறை' என்ற வினையைத்தான் முதலில் சொல்லும். 'நிரை' என்றால் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட மரவரிசை. யாப்பிலக்கணம் படித்த மாணவன் அசையை நினைப்பான், சங்கப் பாடல் படித்தவன் மாட்டுக்கூட்டத்தை நினைப்பான். 'பெரட்டு' என்பது வைகறையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்; ஆங்கிலச் சொல்லொன்று தோட்டத்து வாயில் புகுந்து பிறந்தது. வெளியூரார் அதைச் சட்டியில் கறியைப் பிரட்டுவது என்று கொள்வர். 'தண்டல்' இங்கே வேலையை மேற்பார்த்தவர்; தமிழ்நாட்டில் கடன் தவணை வசூல். கோட்டின்மேல் உறைந்து ஒட்டிய 'கோட்டுப்பால்', மங்கில் உறைந்த 'கட்டிப்பால்' என்ற வேறுபாடு கூலியில் வேறுபாடு செய்தது. அந்த வேறுபாட்டை ஒரு தலைமுறை தன் கைக்கணக்கில் வைத்திருந்தது.

நாம் ஒருமுறை எந்திரத்திடம் 'ரப்பர்த் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா' என்ற தலைப்பில் எழுதச் சொல்லிப் பார்த்தோம். நடை பிழையற்று இருந்தது. ஆனால் அதில் வந்தது காவிரிக் கரையோரச் சிற்றூர். வயல் வரப்பும் மாட்டு வண்டியும் இருந்தன. லயம் இல்லை, சம்பள நாள் இல்லை. தோட்டத்துக் கோயிலுக்குக் கூலியில் பிடித்த வரிப்பணம் இல்லை. எந்திரத்தின் மேல் குற்றமில்லை. நாம் எழுதித் தராததை அது எங்கிருந்து எடுக்கும்? ஆனால் நாளை அந்தக் கட்டுரையை ஒரு மாணவி அப்படியே எழுதி வந்து, ஆசிரியர் அதற்கு 'மிக நன்று' என்று போட்டால், தன் பாட்டியின் திருவிழா தவறு, எந்திரத்தின் திருவிழாவே சரி என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறாள். இந்த உரையில் நாம் அஞ்சும் ஒன்று உண்டென்றால் இதுதான். எந்திரம் மனிதனை விழுங்கிவிடும் என்ற திரைப்பட அச்சம் நமக்கில்லை. ஒரு சிறு சமூகத்தின் வாழ்க்கையை அதே மொழி பேசும் பெரிய சமூகத்தின் வாழ்க்கை மெல்ல மூடி மறைத்துவிடும்; அதுவும் பிழையில்லாத இனிய தமிழில்.

தடை செய்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வகுப்பில் தடை செய்யலாம், கைப்பேசியில் முடியாது. மேலும், தடையால் எழுதப்படாத எதுவும் எழுதப்பட்டுவிடாது. 1816-இல் பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியது முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் தமிழ்க்கல்வி நடக்கிறது. இன்று 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, தோட்டமே மறைந்த பின்னும் அத்தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர் யாரேனும் பெரும்பாலும் பள்ளியிலிருந்து சில கல் தொலைவுக்குள் இன்றும் வாழ்கிறார். வயது எழுபதைக் கடந்திருக்கும். நினைவு தெளிவாக இருக்கும் காலம் இன்னும் எத்தனை ஆண்டு என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாம் படிவத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு, ஆண்டில் ஒரே ஒரு கட்டுரையை இவ்வாறு கொடுங்கள். பால்வெட்டிய ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசி, கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, அவர் சொன்ன சொற்களை அவர் சொன்னபடியே எழுதி வரவேண்டும். எந்திரத்தையும் பயன்படுத்தட்டும். ஒலிப்பதிவை எழுத்தாக்க அது உதவும். எங்கே 'மங்கு' வருகிறதோ அங்கே தவறும். தவறிய இடங்களை மாணவர்கள் திருத்திப் பட்டியலிடட்டும். அந்தப் பட்டியல்தான் கட்டுரையின் சிறந்த பகுதியாக இருக்கும். மதிப்பெண்ணையும் அதற்கே கூடுதலாகக் கொடுக்கலாம்.

இதில் ஓர் ஒழுங்கு வேண்டும். பேசுபவரிடம் முன்கூட்டியே இசைவு கேட்க வேண்டும். பெயர் வேண்டாம் என்றால் பெயர் வேண்டாம். தோட்டத்தில் நடந்த அவமானங்களைச் சிலர் சொல்வார்கள், சிலர் சொல்ல விரும்ப மாட்டார்கள். சொல்ல விரும்பாததைத் தோண்டக் கூடாது. பாடல்கள் பாடினால் யாரிடம் கற்றார் என்றும் கேட்டு எழுத வேண்டும். ஒரு தலைமுறையின் உழைப்பை அதன் இசைவின்றியே எடுத்துக்கொண்டது ஒருமுறை போதும். அதன் பேச்சையும் அதே முறையில் எடுக்கலாகாது. எந்திரங்களுக்குக் கற்பிக்கத் தொகுக்கப்படும் தரவுகள் பற்றி இன்று உலகெங்கும் நடக்கும் வழக்கும் வாதமும் இந்த இசைவைப் பற்றியவைதாம். நம் மாணவர்கள் அதைத் தாத்தாவின் திண்ணையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

என்ன கேட்பது என்று தெரியாமல் பிள்ளைகள் தயங்குவார்கள். 'தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'கஷ்டம்தான் ஐயா' என்ற ஒரே விடை வரும். வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். உளியை எதில் தீட்டினீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை? முதல் காயத்தை எந்த மரத்தில் போட்டீர்கள், என்ன நடந்தது? தூறல் விழும்போது வெட்டுவதா திரும்புவதா என்பதை நிரையில் யார் முடிவு செய்தார்? இடக்கைப் பழக்கம் உள்ளவர் எப்படி வெட்டினார்? மங்கைக் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்து வைப்பதும் எதற்கு அடையாளம்? பால் காண்டா தூக்கிய தோளில் எந்தப் பக்கம் தழும்பு? இத்தகைய கேள்விகள் இருபதைத் தொகுத்து அச்சிட்டு வந்திருக்கிறோம். வாயிலருகே உள்ள மேசையில் இருக்கின்றன. பள்ளிக்கு ஒரு கட்டு வீதம் எடுத்துச் செல்லலாம். போதாவிட்டால் படியெடுத்துக்கொள்ளத் தடையில்லை.